பாத்திரம் யார் தேய்ப்பது? பெண்ணியப் பள்ளிகளைப் பிரித்தறிய ஒரு கேள்வி

பெண்ணிய வரலாறு என்று தேடினால் முதலில் கையில் சிக்குவது அலைக் கணக்கு. முதல் அலையில் வாக்குரிமை, இரண்டாம் அலையில் வேலையும் உடலும், மூன்றாம் அலையில் அடையாளம். தேர்வில் ஐந்து மதிப்பெண் கேள்விக்கு இது போதும். ஒரு கட்டுரையைக் கையில் எடுத்து, இவர் என்ன வாதிடுகிறார், அடுத்தவர் ஏன் இவரோடு சண்டை போடுகிறார் என்று புரிந்துகொள்ள இது உதவாது.

‘இரண்டாம் அலை’ என்ற பெயரே 1968 மார்ச்சில்தான் பரவியது. மார்த்தா வெய்ன்மன் லியர் என்ற பத்திரிகையாளர் நியூயார்க் டைம்ஸ் ஞாயிறு இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பு அது. அதற்குப் பிறகுதான் முன்னால் நடந்ததற்கெல்லாம் ‘முதல் அலை’ என்று பெயர் வைத்தார்கள். அடிப்படையில் இது அமெரிக்க, பிரிட்டிஷ் காலண்டர். சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு (சொத்துத் தகுதியோடு) வாக்குரிமை கிடைத்தது 1921-ல். இலங்கையில் 1931-லேயே ஆண், பெண் எல்லோருக்கும் வாக்கு வந்துவிட்டது. 1789-ல் புரட்சி செய்த பிரான்ஸ் தன் பெண்களுக்கு அதைக் கொடுக்க 1944 ஆனது. எந்த அலையில் எதைப் போடுவது?

அலை என்பது ‘எப்போது’ என்பதற்குப் பதில். பள்ளி என்பது, அதாவது ஒரே வாதத்தைப் பகிரும் சிந்தனை மரபு, ‘ஏன்’ என்பதற்குப் பதில். இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டுக் குழப்புவதுதான் நம் பாடக்குறிப்புகள் அடிக்கடி செய்யும் தவறு. தாராளவாதப் பெண்ணியம் முதல் அலையோடு முடிந்துவிடவில்லை. இன்றைக்கும் நீதிமன்றத்தில் அதிகம் பேசப்படுவது அதுதான்.

பள்ளிகளைப் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. ஒரே ஒரு வேலையை, அதுவும் அலுப்பான வேலையை, நடுவில் வைத்துவிட்டு ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்வி கேட்பது. இது ஏன் பெண் தலையில் விழுந்தது? இதனால் லாபம் யாருக்கு? இதை மாற்ற முதலில் எதில் கைவைக்க வேண்டும்? வீட்டு வேலைதான் அந்த வேலை. இந்தியாவின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஆறு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 81.2 சதவீதம் பேர் அன்றாடம் சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிறார்கள், ஆண்களில் 26.1 சதவீதம். ஈடுபடுகிறவர்கள் செலவிடும் நேரம் பெண்ணுக்கு நாளுக்கு 299 நிமிடம், ஆணுக்கு 97. இந்த 299-க்கு யார் என்ன விளக்கம் தருகிறார்கள் என்பதில்தான் பள்ளிகள் பிரிகின்றன.

உள்ளே போகும் முன் மொழிபெயர்ப்புச் சிக்கல் இரண்டு. ‘தாராளவாதப் பெண்ணியம்’ என்றால் தாராள மனசுக்காரர்களின் பெண்ணியம் என்று பொருள் அல்ல. தனிமனித உரிமையை மையமாக வைக்கும் லிபரல் அரசியலிலிருந்து வந்தது. ‘தீவிரப் பெண்ணியம்’ என்பது இன்னும் மோசமாகக் காயப்பட்ட சொல். கேட்டவுடன் குண்டு வைப்பவர்கள் ஞாபகத்துக்கு வருகிறார்கள். மூலச்சொல்லான ‘ராடிக்கல்’ லத்தீனில் வேர் என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. வேரைப் பிடுங்க வேண்டும் என்பவர்கள். ‘வேர்ப் பெண்ணியம்’ என்று யாராவது முதலிலேயே போட்டிருந்தால் பாதிச் சண்டை மிச்சமாகியிருக்கும்.

முதலில் தாராளவாதம். மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் 1792-ல் எழுதிய நூலின் வாதம் எளிது: பெண்ணுக்குப் பகுத்தறிவு குறைவு என்கிறீர்கள், அது குறைவாக இருப்பது நீங்கள் படிக்க வைக்காததால். கல்வி, தொழில், சட்டத்தில் சம இடம் கொடுங்கள். 1869-ல் ஜான் ஸ்டூவர்ட் மில் இதைச் சட்ட மொழியில் சொன்னார். மில்லிடம் ஒரு வழுக்கல் இருக்கிறது. திருமணமான பெண் வீட்டு நிர்வாகத்தைத் தன் தொழிலாகத் தேர்ந்தெடுத்ததாகவே எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார். அவருடைய துணைவி ஹாரியட் டெய்லர் 1851-லேயே அப்படி விட ஒப்பவில்லை. சம்பாதிக்கிற பெண்ணுக்குத்தான் வீட்டுக்குள் மதிப்பு என்று எழுதினார். அடுத்த நூறு வருடச் சண்டையின் விதை அந்த ஒரு வீட்டுக்குள்ளேயே இருந்தது.

இந்தப் பள்ளியின் பதில்: வேலை பெண் தலையில் விழக் காரணம் பழக்கமும் சட்டத் தடையும். தடையை நீக்கு, பெண் வெளியே வேலைக்குப் போவாள், மீதி தானாகச் சரியாகும். பெட்டி ஃப்ரீடன் 1963-ல் புறநகர் அமெரிக்க இல்லத்தரசிகளின் ‘பெயரில்லாத பிரச்சினை’ பற்றி எழுதியதும் இந்தக் கோட்டில்தான். இதன் பலனைக் குறைத்துச் சொல்லக் கூடாது. சொத்து, விவாகரத்து, சம ஊதியம் என்று இன்றைக்குக் கையில் பிடித்துக் காட்டக்கூடிய உரிமைகளில் பெரும்பகுதி இந்த வழியாக வந்தவை. ஓட்டை எங்கே? வுல்ஸ்டன்கிராஃப்ட் நூலிலேயே பாருங்கள். பிள்ளைக்குத் தானே பாலூட்டும், அளவான குடும்பம் நடத்தும் லட்சியப் பெண்ணை வர்ணிக்கிறார். அந்த வீட்டில் கீழான வேலைகளைச் செய்ய ஒரு வேலைக்காரப் பெண்ணும் இருக்கிறாள். அரை வரியில் வந்து போகிறாள். 1792-ல் அவள் யாருடைய கண்ணிலும் படவில்லை. இந்தக் கட்டுரையில் அவள் திரும்ப வருவாள், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மார்க்சியர்கள் வேறு இடத்தில் தொடங்குகிறார்கள். 1884-ல் எங்கெல்ஸ் சொன்னது: தனிச்சொத்து வந்தபோது அதைத் தன் வாரிசுக்கே கொடுக்க ஆணுக்கு ஒருதாரக் குடும்பம் தேவைப்பட்டது, வீட்டு வேலை பொதுவேலையாக இருந்தது மாறித் தனிப்பட்ட ஊழியமாக ஆனது. ஆகவே தீர்வும் வேலையை மறுபடி பொதுவாக்குவது. சோவியத் புரட்சிக்குப் பிறகு அலெக்சாந்த்ரா கொல்லொந்தாய் இதைச் செய்து பார்க்க முயன்றார். பொதுச் சமையலறை, பொதுச் சலவையகம், குழந்தைக் காப்பகம். திருமணத்திலிருந்து அடுப்பைப் பிரிப்பது, மதத்திலிருந்து அரசைப் பிரிப்பதற்கு நிகரான சீர்திருத்தம் என்பது அவர் வாதம். 1919-ல் கட்சிக்குள் பெண்கள் துறை உருவானது. 1930-ல் ஸ்டாலின் ஆட்சியில் அதை மூடினார்கள். பெண்கள் எல்லோரும் ஆலைக்குப் போனார்கள். வீட்டில் பாத்திரம் அப்படியே காத்திருந்தது. ‘இரட்டைச் சுமை’ என்ற சொல் சோசலிச நாடுகளைப் பற்றி அவ்வளவு புழங்கியதற்குக் காரணம் இதுதான்.

பொதுச் சமையலறைக்கு மார்க்சியர்கள் மட்டும் சொந்தக்காரர்கள் அல்ல. அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் மாநிலக் கேம்பிரிட்ஜில் மெலுசினா ஃபே பியர்ஸ் 1869-ல் கூட்டுறவு முறையில் சலவையும் ரொட்டிக் கடையும் மளிகையும் தொடங்கினார். பெண்கள் சேர்ந்து வேலை செய்து, அதற்கான கூலியைத் தங்கள் கணவர்களிடமே வசூலிப்பது திட்டம். 1871-க்குள் கடை மூடப்பட்டது. தொழிலில் நட்டம் என்பதைவிட, மனைவி வெளியே கூடி வேலை செய்வதைக் கணவர்கள் விரும்பாததுதான் பெரிய தடையாக இருந்தது. என் மனைவி அடுத்தவன் சௌகரியத்துக்கு ஏன் உழைக்க வேண்டும் என்பது அவர்கள் கேள்வி.

நம் பக்கத்திலும் சமையல் ஓரளவு பொதுவாகியிருக்கிறது, யாரும் அதைப் பெண்ணியம் என்று அழைக்காமலேயே. 1982-ல் விரிவான சத்துணவு, 2013-ல் அம்மா உணவகம், 2022-ல் பள்ளிக் காலை உணவு. கொல்லொந்தாய் பார்த்தால் மகிழ்வார், ஒரு நிமிடம். பிறகு உள்ளே எட்டிப் பார்ப்பார். அம்மா உணவகத்திலும் காலை உணவுத் திட்டத்திலும் கரண்டி பிடிப்பவர்கள் சுய உதவிக் குழுப் பெண்கள். அடுப்பு வீட்டை விட்டு வெளியே வந்தது. பெண்ணை விட்டு விலகவில்லை.

இந்த இடத்தில்தான் வேர்ப் பெண்ணியம் நுழைகிறது. பொருளாதாரத்தை மாற்றியும் வேலை பெண்ணிடமே இருக்கிறதென்றால், சிக்கல் முதலாளித்துவத்தில் மட்டும் இல்லை. ஆண் என்ற வர்க்கம் பெண் என்ற வர்க்கத்திடமிருந்து நேரடியாக லாபம் பெறுகிறது என்பது வாதம். 1969-ல் நியூயார்க்கில் உருவான ரெட்ஸ்டாக்கிங்ஸ் குழுவைச் சேர்ந்த பாட் மெய்னார்டி வீட்டு வேலையின் அரசியல் பற்றிச் சில பக்கங்களில் ஒரு கட்டுரை எழுதினார். கணவர் சொல்லும் ஒவ்வொரு சாக்கையும் எடுத்து, பக்கத்திலேயே அதன் உண்மையான பொருளை எழுதியிருக்கிறார். ‘எனக்கு அது சரியா வராது, யாருக்கு எது நல்லா வருதோ அதைச் செய்வோம்’ என்றால் என்ன பொருள் என்று அவர் விளக்குவதைப் படிக்கும்போது சிரிப்பு வரும், கூடவே வீட்டில் யாரோ ஞாபகத்துக்கு வருவார்கள்.

இவர்களுடைய கருவி ‘விழிப்புணர்வுக் குழு’. பத்துப் பதினைந்து பெண்கள், வாரம் ஒருமுறை, யாராவது ஒருவர் வீட்டில். ஒரு கேள்வி எடுத்துக்கொண்டு வட்டமாக ஒவ்வொருவரும் தன் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். கடைசியில் எல்லோருடைய பதிலிலும் பொதுவானது என்ன என்று தேட வேண்டும். அந்தக் கடைசிப் படிதான் முக்கியம். அதை விட்டுவிட்டால் மனக்குறை பேசும் கூட்டமாக முடியும். அப்படித்தான் பல இடங்களில் முடிந்தது. ‘தனிப்பட்டதும் அரசியலே’ என்ற வாசகம் இதிலிருந்து வந்தது. 1969-ல் கேரல் ஹானிஷ் எழுதிய கட்டுரைக்கு அந்தத் தலைப்பை வைத்தது அவர் அல்ல, தொகுப்பாசிரியர்கள். இன்று அது ‘என் விருப்பம் என் அரசியல்’ என்பதுபோல் பயன்படுகிறது. கட்டுரை சொன்னது கிட்டத்தட்ட நேரெதிர்: உன் வீட்டுப் பிரச்சினை உன் தனி விருப்பத்தால் தீராது, கூட்டாகத்தான் தீர்க்க முடியும்.

ஷுலமித் ஃபயர்ஸ்டோன் 1970-ல் இன்னும் ஆழத்துக்குப் போனார்: வேர் பிள்ளைப்பேற்றிலேயே இருக்கிறது, தொழில்நுட்பம் அதைப் பெண்ணுடலிலிருந்து விடுவிக்க வேண்டும். மேற்கில் அதிர்ச்சியாகப் பார்க்கப்பட்ட இந்தக் கருத்து தமிழ் வாசகருக்குப் புதிதாக இருக்கக் கூடாது. ஆண், பெண் சேர்க்கையில்லாமலே பிள்ளை பிறக்கும் காலம் வரும் என்று பெரியார் ‘இனிவரும் உலகம்’ பேசிய 1940-களிலேயே சொல்லிவிட்டார். கர்ப்பத்தடையிலும் அவர் நிலை தனியானது. பெண்ணின் உடல்நலத்துக்காக, நாட்டின் வறுமை தீர, குடும்பச் சொத்து சிதறாமலிருக்க என்று மற்றவர்கள் கர்ப்பத்தடை கேட்டபோது, பெண் விடுதலை பெறவும் சுயேச்சை பெறவும் அது வேண்டும் என்றார். அவரை எந்தப் பள்ளியில் வைப்பது? பிள்ளைப்பேறு பற்றிய எழுத்தில் வேர்ப் பெண்ணியர். 1929 செங்கல்பட்டு மாநாட்டின் பெண் சொத்துரிமைத் தீர்மானத்தில் தாராளவாதி. அந்தத் தீர்மானம் தமிழ்நாட்டில் மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்காக 1989-ல் சட்டமானது. இரண்டு பள்ளியில் கால் வைத்தால் ஒருவர் குழப்பவாதி ஆகிவிடமாட்டார். பள்ளி என்பது சீருடை இல்லை.

மார்க்சியத்தையும் வேர்ப் பெண்ணியத்தையும் இணைக்க முயன்றவர்கள் 1970-களில் எழுதியவைதான் இந்த வரலாற்றில் மிகச் சுவையான பகுதி. பிரான்சில் கிறிஸ்தீன் தெல்ஃபி 1970-ல் ஒரு கூர்மையான கேள்வி கேட்டார். வீட்டு வேலைக்குக் கூலி இல்லாதது, அந்த வேலை சந்தைக்குப் போகாததால் என்கிறீர்கள். சரி, விவசாயி மனைவி வளர்க்கும் கோழியும் கறக்கும் பாலும் சந்தைக்குப் போகிறதே, அவளுக்கு ஏன் கூலி இல்லை? ஆகவே காரணம் வேலையின் தன்மை அல்ல. யார் யாருக்குச் செய்கிறார்கள் என்ற உறவு. திருமணமே ஓர் உழைப்பு ஒப்பந்தம்.

இத்தாலியில் மரியாரோசா தல்லா கோஸ்தாவும் பிரிட்டனில் செல்மா ஜேம்ஸும் 1972-ல் வேறு பக்கம் திரும்பினார்கள். தொழிலாளி காலையில் ஆலை வாசலில் நிற்க, முந்தின இரவு யாரோ சோறு போட்டு, துணி துவைத்து, அவனைத் தயார்செய்ய வேண்டும். அதைச் செய்பவளுக்கும் சேர்த்துத்தான் முதலாளி கூலி கொடுக்க வேண்டும், கொடுப்பதில்லை. இதுதான் ‘வீட்டு வேலைக்குக் கூலி’ இயக்கம். இல்லத்தரசிக்குச் சம்பளம் கேட்டார்கள் என்று மட்டும் புரிந்துகொண்டால் பாதிதான் புரிந்தது. சில்வியா ஃபெதரீச்சி 1975-ல் தன் துண்டுப் பிரசுரத்துக்கு வைத்த தலைப்பு ‘வீட்டு வேலைக்கு எதிரான கூலி’. கூலி கேட்டால்தான் அது வேலை என்று ஆகும். வேலை என்று ஆனால்தான் மறுக்க முடியும். அன்பு என்று பெயர் வைத்திருக்கும்வரை யாரும் வேலைநிறுத்தம் செய்ய முடியாது.

அதே 1975, அக்டோபர் 24 அன்று ஐஸ்லாந்தில் பெண்களில் 90 சதவீதம் பேர் வீட்டிலும் அலுவலகத்திலும் வேலையை நிறுத்தினார்கள். கடைகளில் சீக்கிரம் சமைக்கக்கூடிய சாசேஜ் தீர்ந்துபோனது. அப்பாக்கள் பிள்ளைகளை அலுவலகத்துக்குக் கூட்டிப் போனார்கள். இதில் கவனிக்க வேண்டியது பெயர். தீவிரக் குழுவினர் முதலில் கேட்டது ‘வேலைநிறுத்தம்’. எல்லாத் தரப்புப் பெண்களும் சேர வேண்டும் என்பதற்காக அது ‘விடுப்பு நாள்’ ஆனது. அந்தச் சமரசம் இல்லாமல் 90 சதவீதம் வந்திருக்காது. அடுத்த ஆண்டு அங்கே சம உரிமைச் சட்டம் வந்தது.

இப்போது அந்த வேலைக்காரப் பெண்.

அமெரிக்கக் கறுப்பினச் செயற்பாட்டாளர் ஆஞ்சலா டேவிஸ் 1981-ல் கூலி இயக்கத்துக்குச் சொன்ன பதில்: வீட்டு வேலைக்குக் கூலி வாங்கினால் விடுதலை என்கிறீர்கள், கறுப்பினப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கூலி வாங்கிக்கொண்டுதான் வெள்ளையர் வீட்டில் பாத்திரம் தேய்த்தார்கள், என்ன விடுதலை கிடைத்தது? முதலாளித்துவத்துக்கு இல்லத்தரசி இன்றியமையாதவள் என்ற வாதத்தையும் அவர் தென்னாப்பிரிக்காவைக் காட்டி உடைத்தார். அங்கே நிறவெறி அரசு கறுப்பினக் குடும்பத்தையே பிரித்து, ஆண்களைத் தனியாகத் தொழிலாளர் விடுதிகளில் அடைத்து வேலை வாங்கியது. பெல் ஹூக்ஸ் 1984-ல் ஃப்ரீடனைக் கேட்டதும் இதையே: படித்த வெள்ளைப் பெண் வேலைக்குப் போனால் அவள் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வருவது யார்?

அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989-ல் ‘இன்டர்செக்‌ஷனாலிட்டி’ என்று பெயரிட்டது (தமிழில் ஊடறுப்பு, குறுக்குவெட்டு என்று பலவிதமாக எழுதுகிறார்கள்) பல அடையாளங்களைக் கூட்டிப் பட்டியலிடுவது என்று தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. அவர் எடுத்துக்கொண்ட வழக்கைப் பார்த்தால் தெளிவாகும். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1964-க்கு முன் கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுக்கவில்லை. பிறகு ஆட்குறைப்பு வந்தபோது கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியே என்ற விதிப்படி அவர்கள் வேலை போனது. நீதிமன்றம் கேட்டது: பெண்களை எடுத்திருக்கிறார்களே, கறுப்பினத்தவரையும் எடுத்திருக்கிறார்களே? எடுத்த பெண்கள் வெள்ளையர். எடுத்த கறுப்பினத்தவர் ஆண்கள். நடுவில் நின்றவர்களுக்கு என்று ஒரு சட்டப் பெட்டி இல்லை.

இந்தியாவில் இந்தக் கேள்வியின் பெயர் சாதி. தலித் பெண்கள் வேறுவிதமாகப் பேசுகிறார்கள் என்று கோபால் குரு 1995-ல் எழுதினார். அதைத் தொடர்ந்து ஷர்மிளா ரேகே 1998-ல் தலித் பெண்ணிய நோக்குநிலையை விரித்தார். வீட்டு வேலை என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது இங்கே ஒரே வேலை அல்ல. சமைப்பதற்கு ஒருத்தியைச் சேர்ப்பார்கள், கழிப்பறை கழுவ வேறொருத்தியை. முதலாமவளிடம் சாதி கேட்பார்கள், இரண்டாமவளிடம் கேட்கத் தேவையில்லை என்று வைத்துக்கொள்வார்கள். ‘பெண்கள் எல்லோரும் சமையலறைக் கைதிகள்’ என்ற வாசகம், அடுத்தவர் சமையலறைக்குள் அனுமதிக்கப்படாத பெண்ணுக்கு எப்படிப் பொருந்தும்? மேற்கத்தியப் பள்ளிகள் எதுவும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. என் பார்வையில் உலகப் பெண்ணியச் சிந்தனைக்கு இங்கிருந்து போன முக்கியப் பங்களிப்பு இதுதான்.

இயற்கையும் பெண் உழைப்பும் ஒரே விதமாகச் சுரண்டப்படுகின்றன என்னும் சுற்றுச்சூழல் பெண்ணியத்தை இங்கே ஒரு விவரத்தோடு கடக்கிறேன். ஐ.நா.வின் தேசியக் கணக்கு முறை (ஒரு நாட்டின் மொத்த உற்பத்தியை அளக்கும் விதிகள்) 1993-ல் திருத்தப்பட்டபோது, வீட்டுத் தேவைக்குத் தண்ணீர் சுமப்பது உற்பத்தி என்று ஏற்கப்பட்டது. அந்தத் தண்ணீரில் சோறு வடிப்பது ஏற்கப்படவில்லை. மர்லின் வேரிங் என்ற நியூசிலாந்து அரசியல்வாதி 1988-லேயே இந்தக் கணக்கு முறையைக் கிழித்து எழுதியிருந்தார். நம் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பிலும் வீட்டு வேலை மட்டும் செய்பவருக்கு 92, அதோடு விறகு பொறுக்குவது, துணி தைப்பது போன்றவையும் செய்பவருக்கு 93 என்று குறியீடு உண்டு. இரண்டுமே ‘வேலையில் இல்லாதவர்’ பக்கம்தான். ஜூடித் பட்லர் 1990-ல் தொடங்கிய விவாதம், பாலினம் என்பது திரும்பத் திரும்பச் செய்வதால் உருவாவது என்பது, நம் கேள்விக்கு ஒரு வரி தருகிறது: பெண் என்பதால் பாத்திரம் தேய்க்கவில்லை, தேய்த்துத் தேய்த்துத்தான் ‘பெண்’ உருவாகிறாள்.

இனி 2023 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகையை இதே மூன்று கேள்வியோடு பாருங்கள். தொடக்கத்தில் மாதம் 1,000 ரூபாய், ஒரு கோடியே ஆறு லட்சத்துக்கு மேற்பட்டோர். உதவித்தொகை என்று சொல்லாமல் உரிமைத்தொகை என்று பெயர் வைத்ததும், பெண்களின் ஊதியமில்லா உழைப்புக்கான அங்கீகாரம் என்று அரசே சொன்னதும் ஃபெதரீச்சியின் மொழிக்குப் பக்கத்தில் வருகிறது. தொகையின் அளவு அப்படிப் பக்கத்தில் வரவில்லை. 299 நிமிடத்தை முப்பது நாளால் பெருக்கினால் ஏறத்தாழ 150 மணி நேரம். மணிக்கு ஏழு ரூபாய்க்கும் குறைவு. (299 அகில இந்தியச் சராசரி, திட்டமும் இதைக் கூலியாக நிர்ணயிக்கவில்லை.) தாராளவாதி கேட்பார்: பணத்தைவிடச் சொத்தில் பங்கு முக்கியமல்லவா? 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கணவர் சம்பாதித்து வாங்கிய சொத்தில் இல்லத்தரசியின் உழைப்பும் இருக்கிறது, அவருக்குச் சம பங்கு உண்டு என்று ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. வேர்ப் பெண்ணியர் கேட்பார்: அரசு கொடுக்கிறது சரி, லாபம் அடையும் ஆண் என்ன கொடுக்கிறான்? அந்தப் பணம் வந்ததால் அவனுடைய 97 நிமிடம் 98 ஆனதா?

திட்டத்தின் தொடக்க விதிமுறையில் இன்னும் கூர்மையான ஒன்று இருந்தது. ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கர் அல்லது புன்செய் 10 ஏக்கருக்குள், ஆண்டு மின் பயன்பாடு 3,600 யூனிட்டுக்குள் என்ற வரம்புகளோடு, ஒரு ரேஷன் கார்டுக்கு ஒரே ஒரு குடும்பத் தலைவி என்பது நிபந்தனையாக இருந்தது. மாமியாரும் மருமகளும் ஒரே கார்டில் இருக்கும் வீட்டில் ஒருவர் கணக்கில் மட்டும் பணம் ஏறும். பாத்திரம் தேய்ப்பவர் இன்னொருவராக இருக்கலாம்.